கேட்காமல் வரைந்த ஊர்

"வாடகை வீட்டுச் சுவத்துல, கேக்காம கொள்ளாம ஊரையே வரைஞ்சு வச்சா எந்த வீட்டுக்காரரு சும்மா இருப்பாரு?" என்றாள் பக்கத்து வீட்டுப் பவுன்.

அவள் சொன்னதில் தப்பில்லை. அவர்கள் பிழைக்க வந்த வடக்கத்தி ஊரான போபோடியில் அந்த வரிசை வீடுகள் முழுக்க ஜக்தாபுக்குச் சொந்தம். ஒரு ஆணி அடித்தாலே சண்டைக்கு வருகிற மனுஷர்.

அங்கே குடியிருந்த லூர்துசாமிக்கும் அது தெரியும். எழுபத்தாறாம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தார். அத்தோடு கை நிற்கவில்லை. செம்மண்ணைக் கரைத்தார், துணிக்குப் போடுகிற நீலத்தைக் கலக்கினார், அடுப்புக்கரியை அரைத்தார். வாசல் சுவரில் சிவப்பு மணல்மேடு, பனைமரங்கள், மாதா கோயில், ஒரு ஆடு.

"கோயிலைவிட ஆடு பெருசா இருக்கே?" என்று பவுன் சிரித்தாள்.

"கோயிலு தூரத்துல இருக்கு. ஆடு நம்ம ஆடு."

மனைவி செல்வமேரிதான் பயந்தாள். "ஏங்க, காலி பண்ணச் சொல்லிட்டா பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்க போவ?"

ஞாயிற்றுக்கிழமை ஜக்தாப் வந்தே விட்டார். சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"யார் வேலை இது?" இந்தியில் கேட்டார்.

"நான்தான் சாகேப். எங்க ஊரு."

ஜக்தாப் கிட்டே போய்ப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். செல்வமேரி நீட்டிய டீயைக்கூட வாங்காமல் விறுவிறுவென்று போய்விட்டார்.

மறுநாள் காலையில் திரும்பி வந்தபோது கூடவே ஒரு ஆள். அவன் கையில் சுண்ணாம்பு வாளி.

"சொன்னேம்லா!" என்றாள் பவுன்.

செல்வமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அழாத. அவரு சுவரு, அவரு அழிக்காரு. வீட்ட விட்டுப் போவச் சொல்லலைல்லா, அது போதும்" என்றார் லூர்துசாமி. சொன்னாரே தவிர, அந்தப் பக்கம் பார்க்க அவருக்கும் மனசில்லை.

ஆள் வெள்ளையடிக்கிற மட்டையை வாளியில் முக்கினான். படத்தைத் தாண்டிப் போய், பக்கவாட்டில் அழுக்கேறிக் கிடந்த சுவரில் அடிக்க ஆரம்பித்தான்.

"சாகேப், படம் இங்க இருக்கு" என்று லூர்துசாமியே காட்டிக்கொடுத்தார்.

"அது இருக்கட்டும்." ஜக்தாப் புதுச் சுண்ணாம்பைக் காட்டினார். "இது காய்ந்ததும் இதில் என் ஊரைப் போட்டுக் கொடு. பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். மாருதி கோயில், சோளக்காடு, எங்கள் எருது. எருதைப் பெரிதாகவே போடு."

"ஆத்தங்கரை ஊரா சாகேப்? ஆறும் போட்டுரவா?"

"வேண்டாம். தண்ணீர் மட்டும் வேண்டாம். அணை கட்டினதிலிருந்து என் ஊருக்கு மேலே அதுதான் நிற்கிறது."