ரொம்பக் கண்டிப்பான டைரக்டர்

"உங்க டைரக்டர்கிட்ட லீவு கேட்டீங்களா?"

"கேட்டேன். சீசன் முடியட்டும்னுட்டார். ரொம்பக் கண்டிப்பானவர்."

கல்யாணமான புதிதில் பேசியது. இருபத்தெட்டு வருடங்களாகியும் அந்தச் சின்னக் கல்லூரியின் கூடைப்பந்து கோச்சுக்கு, மனைவியோடு கடல் பார்க்கப் போக நாலு நாள் லீவு கிடைக்கவில்லை.

இந்த முறை கடலுக்குப் போக ரயில் டிக்கெட்டையே வாங்கிக்கொண்டு அவளே கல்லூரிக்குக் கிளம்பிவிட்டாள். அந்த டைரக்டரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் திரும்புவதில்லை.

'விளையாட்டுத் துறை டைரக்டர்' என்று பலகை மாட்டிய அறைக்குள் நுழைந்தாள். மேஜைக்குப் பின்னால் கோச் உட்கார்ந்திருந்தார்.

"அவர் நாற்காலியில நீங்க ஏன் உட்கார்ந்திருக்கீங்க? அவர் எங்கே?"

கோச் பேனாவை மூடி வைத்தார். "பழையவர் நம்ம கல்யாணத்துக்கு முந்தின வாரமே ரிட்டையர் ஆயிட்டார். ஆறு மாசம் இதையும் சேர்த்துப் பார்த்துக்கோன்னாங்க. அப்புறம் ஆளே போடலை."

மேஜையில் தடிமனான ஒரு கோப்பு. அத்தனையும் கோச் எழுதிய லீவு விண்ணப்பங்கள். ஒவ்வொன்றின் கீழும் அதே கையெழுத்தில், 'நிராகரிக்கப்பட்டது'.

"உங்களுக்கு நீங்களே லீவு தரலையா?"

"நம்ம ஆளுன்னு சலுகை காட்டினா துறைக்குக் கெட்ட பேர் வராதா?"

"எழுந்திருங்க."

அவர் எழுந்தார். அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ம்... இப்ப வாயைத் திறந்து கேளுங்க."

கோச் கைகட்டி நின்றார். இத்தனை வருடமாக எழுதியே கொடுத்தது, முதல் முறையாகக் குரலாக வந்தது.

"மேடம், என் பொண்டாட்டியோட கடல் பார்க்கப் போகணும். நாலு நாள் லீவு வேணும்."