தேறிய வாதம்

"அவரு என் அண்ணன். அதனால வென்டிலேட்டரை நிறுத்தாதீங்க," என்றாள் எமரென்சி.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இருந்த கணினித் திரை சிவந்தது. கருவி ஓட வேண்டுமென்றால் உறவினர் சொல்லும் காரணம் தர்க்கத்தில் தேற வேண்டும். இப்போதெல்லாம் இதுதான் விதி.

முன்னும் பின்னுமாக நடந்தாள். "கடவுள் இருக்காரு. அதனால அண்ணன் பிழைச்சிருவாரு."

மறுபடியும் சிவப்பு. 'முதல் கூற்றிலிருந்து இரண்டாவது வராது' என்று எழுத்து ஓடியது.

நகத்தைக் கடித்தபடி நின்றவளுக்குக் கல்லூரித் தர்க்கப் பாடம் நினைவுக்கு வந்தது. வடிவம் சரியாக இருந்தால், கூற்று பொய்யானாலும் வாதம் தேறிவிடும்.

"சொன்ன சொல் தவறாதவங்க எல்லாரும் பிழைச்சு வருவாங்க. எங்க அண்ணன் சொல் தவறாதவரு. அதனால அவரு பிழைச்சு வருவாரு."

பச்சை எரிந்தது. உள்ளே கருவி நிற்காமல் ஓடியது.

ஊரிலிருந்த மதினிக்குப் போன் போட்டாள். "மெஷினே ஒத்துக்கிட்டு மதினி! அண்ணன் பிழைச்சு வருவாராம்!"

மறுமுனையில் அழுகை நின்றது. "நெசமாவா? அப்போ நான் கஞ்சி வச்சு எடுத்துட்டு வரட்டா?"

எமரென்சி பச்சைத் திரையையே பார்த்தாள்.

"கொண்டு வாங்க மதினி."