வீடு பூட்டியிருந்தது

“குடியா, சோம்பேறித்தனமா? ரெண்டுல எதை எழுதட்டும்?”

பேனாவைத் தட்டிக்கொண்டே கேட்டார் குமாஸ்தா. மேம்பாலத்துக்குக் கீழே வசிப்பவர்களைக் கணக்கெடுக்கும் வேலை அவருக்கு. படிவத்தின் கடைசிக் கட்டத்தில் ‘வீடற்றுப் போன காரணம்’ என்று இருந்தது. காலையிலிருந்து பதினேழு குடும்பங்களுக்கு அவரே ஆளைப் பார்த்து ஒரு காரணத்தை எழுதித் தள்ளியாகிவிட்டது. ஒவ்வொருத்தர் கதையையும் கேட்டுக்கொண்டு நின்றால் வேலை நடக்குமா?

தூணில் கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்துகொண்டிருந்தவன் திரும்பினான். குமாஸ்தாவைப் பார்த்ததும் ஒரு கணம் அப்படியே நின்றான்.

“ரெண்டும் இல்ல சார். நான் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குத்தான் கிளம்பிட்டிருக்கேன்.”

“அட! ஊரையே மேல ஏத்தி விடறவரு தரையில படுத்துக் கிடக்கறீங்களா?” தன் நகைச்சுவையை அவரே ரசித்துச் சிரித்தார்.

பள்ளிச் சீருடையில் இருந்த மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அவன் மனைவிக்குச் சுருக்கென்றது.

“நாங்களும் வீட்லதான் சார் இருந்தோம். நாலாவது மாடி. கட்டடம் விழுந்துடும்னு காலி பண்ணச் சொன்னாங்க. எல்லாருக்கும் வேற வீடு குடுத்தாங்க, எங்களைத் தவிர. சரிபார்க்க மூணு தடவை ஆள் வந்தாராம். மூணு தடவையும் வீடு பூட்டியிருந்துதாம்.”

“பூட்டிட்டுப் போனா யார் என்ன பண்ண முடியும்?”

“எப்படி சார் பூட்டுவோம்? என் மாமியார் படுத்த படுக்கையா உள்ள கிடந்தாங்க. நானும் கூடவே இருந்தேன். ஒரு ஈ காக்கா வரல. இங்க வந்த ரெண்டாவது மாசம் அவங்களும் போய்ச் சேர்ந்துட்டாங்க.”

குமாஸ்தாவுக்கே பாவமாக இருந்தது. கூடவே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“மாடி ஏற வலிச்சு, உக்காந்த இடத்துலயே எழுதியிருக்கான் பாவி! யாரு அவன்? பேப்பர் இருக்கா? இன்னைக்கே அவனை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்.”

“வேணாம் சார், விடுங்க,” என்றான் கணவன் அவசரமாக.

“நீங்க சும்மா இருங்க. இவனை மாதிரி ஆளுங்களாலதான் எங்க ஆபீசுக்கே கெட்ட பேரு.”

மகள் பாதிப் பின்னலோடு ஓடிப்போய், புத்தகப் பையில் பத்திரமாக வைத்திருந்த சரிபார்ப்பு அறிக்கையின் நகலை எடுத்து வந்து நீட்டினாள்.

மூன்று தேதிகள். மூன்றுக்கும் நேராக ‘வீடு பூட்டியிருந்தது’. கீழே கையெழுத்து.

அவருடையது.

ஞாபகம் வந்துவிட்டது. மூட்டு வலியைச் சாக்கு வைத்து, எதிர்க் கடையில் டீ குடித்தபடியே மூன்று தேதிகளையும் ஒரே மூச்சில் எழுதிய நாள். ஆபீசில் எல்லாரும் செய்வதுதானே என்று அன்று தோன்றியது. இப்போது வெட்கத்தில் கூனிக் குறுகிப்போனார்.

“மனுவோட மூணு தடவை உங்க மேசைக்கு முன்னால நின்னிருக்கேன் சார்,” என்றான் அவன், அவருக்கு மட்டும் கேட்கும்படி. “நீங்கதான் நிமிர்ந்து பார்க்கல.”

“அப்பா, அந்த ஆளு யாருன்னு சார் கண்டுபிடிச்சுட்டாரா?”

அவன் தாளை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி மடித்தான்.

“கையெழுத்து சரியாத் தெரியலையாம் கண்ணு. நீ கிளம்பு, ஸ்கூலுக்கு நேரமாச்சு.”