இடப்பக்கக் கதவு

கட்டை கிடந்த இடத்திலேயே கிடந்தது.

கதவு திறந்துவிட்டது.

அவள் கையில் தேநீர்த் தட்டு. அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

“என்னக்கா, இது ஓடாத பக்கம்னு சொன்னீங்க?” என்று சிரித்தார், கதவு மாற்ற வந்த சகாயம். “ஒரு விரலால தள்ளுனேன். ரயிலு மாதிரி போவுது!”

பால்கனிக் கதவு. ஒன்பதாவது மாடி.

இரண்டு கண்ணாடிப் பலகைகள். கீழே அலுமினியச் சட்டத்தில் இரண்டு தடங்கள். வலப்பக்கப் பலகை உள்தடத்தில் ஓடும். இடப்பக்கப் பலகை வெளித்தடத்தில். ஒன்றையொன்று இடிக்காமல் கடந்துபோகத்தான் இரண்டு தடம்.

வலப்பக்கப் பலகை திறக்க வேண்டுமானால் அது இடப்பக்கமாக நகர வேண்டும். நகரும் வழியில், உள்தடத்தில், ஒரு கட்டையைப் படுக்கவைத்தால் போதும். எவ்வளவு தள்ளினாலும் அசையாது.

அவள் அதைத்தான் செய்திருந்தாள். வீடு துடைக்கும் மாப்பின் கம்பை அளந்து, அறுத்து, தடத்தில் கிடத்தியிருந்தாள்.

ஆடி மாதத்தில். அந்த மதியத்துக்கு மறுநாள்.

அந்த மதியம் அவள் கணவன் பால்கனி நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்றிருந்தான். ஒரு கால் சுவருக்கு அந்தப் பக்கம்.

அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் தரையில் விழுந்தார்கள். பிய்ந்த சட்டைப் பொத்தான் மட்டும் கீழே போனது.

மருத்துவரிடம் கூட்டிப்போனாள். மாத்திரையைத் தன் கையால் கொடுத்தாள். ஆனால் அந்த மதியத்தைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை. “சாரல் அடிக்குது” என்று சொல்லித்தான் கட்டையைப் போட்டாள். அவனும் “ஆமா” என்றான்.

திரைச்சீலையை இழுத்து மூடி, நடுவில் ஊக்குக் குத்தினாள். துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனாள். பால்கனிப் பக்கம் பார்ப்பதையே விட்டாள்.

படுக்கப் போகும்முன் குனிந்து கட்டையைத் தொட்டுப் பார்ப்பாள். இருக்கும். பிறகுதான் தூக்கம் வரும்.

இடப்பக்கப் பலகை ஓடும் என்று அவளுக்குத் தெரியாது. குடிவந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் திரைச்சீலை மூடியே கிடந்தது. கைப்பிடி அதற்குள் மறைந்திருந்தது. பதித்துவைத்த கண்ணாடி என்றே நினைத்திருந்தாள்.

இப்போது அது, வலப்பக்கப் பலகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தது.

தட்டைத் தரையில் வைத்தாள். தேநீர் சிந்தியது. மண்டியிட்டாள்.

உள்தடம் முழுக்கத் தூசி. செத்த எறும்புகள். எப்போதோ விழுந்த ஓர் ஊக்கு. கதவு ஓடாத தடம் அப்படித்தான் இருக்கும்.

வெளித்தடத்தில் ஒன்றுமே இல்லை.

சக்கரம் போய்வந்து போய்வந்து, அலுமினியம் நடுவில் பளபளத்தது. சின்னச் சக்கரங்கள் அவை. கடற்காற்று அடிக்கும் ஊரில், ஓடாமல் விட்டால் ஒரு மழைக்காலத்துக்குள் இறுகிப்போகும்.

இவை இறுகவில்லை.

விரலை வைத்தாள். பிசுபிசுத்தது. தையல் மிஷின் எண்ணெயின் வாடை.

பாட்டிலில் எண்ணெய் குறைவதைப் பார்த்திருக்கிறாள். மூடி சரியில்லை என்று நினைத்தாள்.

நிமிர்ந்தாள்.

பால்கனியெங்கும் புறா எச்சம். நாற்காலி மட்டும் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அது இப்போது சுவரோரம் இல்லை. இடப்பக்கத் திறப்புக்கு நேராக, கதவுக்கு மிக அருகில் கிடந்தது.

முதுகு தெருப்பக்கம். முகம் வீட்டுப்பக்கம்.

அங்கே உட்கார்ந்தால் என்ன தெரியும் என்று திரும்பிப் பார்த்தாள்.

கூடம். அதற்கப்பால் படுக்கையறை வாசல். கட்டிலில் அவள் தலைவைக்கும் பக்கம்.

“எண்ண போட்டது யாருக்கா, நீங்களா? நல்லாப் போட்டிருக்கீங்க.”

“நான்தான்.”

சோபாவிலிருந்து அவள் கணவன். மடியில் செய்தித்தாள்.

“கிரீச்சுன்னு கத்தும்” என்றான். “இவ முழிச்சுப்பா.”

சகாயம், அதுவும் சரிதான் என்பதுபோல் தலையாட்டினார்.

அவள் கட்டையைப் பார்த்தாள்.

கட்டை எதையும் தடுக்கவில்லை. ஒருநாளும் தடுத்ததில்லை. அவள் தூங்கும்போதெல்லாம் திரை விலகியிருக்கிறது, கதவு திறந்திருக்கிறது. அவன் அந்தக் கட்டையைத் தாண்டித்தான் வெளியே போயிருக்கிறான்.

தாண்டித்தான் திரும்பியும் வந்திருக்கிறான்.

அவன் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தைப் புரட்டவில்லை.

சகாயமும் உடன் வந்தவரும் பலகையின் இரு ஓரத்தையும் பிடித்தார்கள். சட்டத்தின் மேற்பள்ளம் ஆழமானது. கீழ்த்தடம் அவ்வளவு இல்லை. பலகையை மேலே தூக்கினால் அடி விடுபடும். தம் பிடித்துத் தூக்கினார்கள். அடி விடுபட்டது. வெளிச்சம் கூடத்துக்குள் மொத்தமாக வந்து விழுந்தது.

அவள் நகர்ந்து வழிவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் புதுக் கதவு நின்றுவிட்டது. சகாயம் ஒரு பக்கத்தைத் தள்ளிக் காட்டினார். பிறகு மறுபக்கத்தை.

“நைலான் சக்கரம்க்கா. கண்ண மூடிக்கினா, தொறந்துச்சா மூடுச்சான்னே தெரியாது.”

பைக்குள் கைவிட்டுச் சாவிப் பூட்டை எடுத்தார். புதுக் கதவே அந்தப் பூட்டுக்காகத்தான். மறந்துவிடக் கூடாது என்று அவள் போனில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள்.

“ரெண்டு பக்கமும் போட்டுரவா?”

அவள் பூட்டைப் பார்த்தாள். சோபாவைப் பார்த்தாள். அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

“பூட்டு இருக்கட்டும்ணே” என்றாள்.

“பின்ன?”

“தொறந்தா கொஞ்சம் கிரீச்சுன்னு கத்துற மாதிரி பண்ணித் தர முடியுமா?”