இனிக்கும் வேர்

தண்ணீருக்குள் இருந்தவரை அவருக்கு எதுவும் தெரியவில்லை.

மார்பளவு நீரில் நின்றிருந்தார். காலைப் பயிற்சி முடிந்து பிள்ளைகள் கரையேறிவிட்டார்கள். நீச்சல் குளத்தின் நீலத் தரையில் வெயில் வலை வலையாக அசைந்தது. உடம்பு என்று ஒன்று இருக்கிறதா என்றே சந்தேகம் வரும் அளவுக்கு லேசாக இருந்தது.

இருபத்தாறு வருடமாகப் பாளையங்கோட்டையில் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவர். அந்த லேசு அவருக்குப் பழக்கம்தான்.

கரையேற ஏணியைப் பிடித்தார்.

கால் வரவில்லை.

வலி இல்லை. பயம்கூட உடனே வரவில்லை. இரண்டு கால்களும் யாருடையவோ போல நீலத்துக்குள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. அவற்றைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

காவலாளியும் இரண்டு பிள்ளைகளின் அப்பாக்களும் சேர்ந்து தூக்கினார்கள். நீரை விட்டு வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, ஒரு மனிதன் எவ்வளவு கனம் என்று.

*

ஆஸ்பத்திரியில் கூரை மிதந்தது. மின்விசிறி மிதந்தது. மனைவி லீதியாளின் முகம் அருகில் வந்தது, விலகியது, மறுபடி வந்தது.

ரத்தத்தில் பொட்டாசியம் ரொம்ப இறங்கியிருக்கிறது, பிரஷரோ ஏறிக் கிடக்கிறது என்றார் டாக்டர், ஓர் இளம்பெண். இன்னும் இறங்கியிருந்தால் இதயம் தடுமாறியிருக்குமாம். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார்.

ஒரு மாத்திரையும் இல்லை என்றாள் லீதியாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பிரஷர் மாத்திரை. ரெண்டு வருசமா. குளத்துல என் அலமாரியில வச்சிருக்கேன்."

லீதியாளின் அப்பா பிரஷரில்தான் விழுந்தார். எழவில்லை. அந்தச் சொல்லை அவள் முன்னால் சொல்ல இவருக்கு வாய் வந்ததே இல்லை.

அவள் அவரைப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்தே மெதுவாகச் சொன்னாள்.

இவருக்கு வயிற்றுப் புண். சாப்பிட்டாலும் எரிச்சல், சாப்பிடாவிட்டாலும் எரிச்சல். நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் வாங்கி வந்து, காலையும் மாலையும் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். நாலே நாளில் எரிச்சல் அடங்கியது. ரசம் ஊற்றி இரண்டாம் முறை சோறு கேட்டார். அந்தச் சந்தோஷத்தில் அளவைக் கூட்டினாள். சும்மா இருக்கும்போது சப்புவதற்கு இனிப்பாக இருக்கட்டும் என்று சட்டைப் பையிலும் வேர்த்துண்டு போட்டு அனுப்பினாள்.

இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். இரண்டு மாதம் ஆகியிருந்தது. கொடுப்பதற்கு முன் ஒன்று கேட்கவும் செய்தார், வீட்டுக்காரருக்குப் பிரஷர் உண்டா என்று.

கிடையவே கிடையாது என்று அடித்துச் சொல்லியிருந்தாள்.

டாக்டர் எழுதிக்கொண்டார். கொஞ்ச நாள், கொஞ்ச அளவு என்றால் அந்த வேர் சிலருக்கு இதமாக இருக்கும். மிஞ்சினால் பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும், பிரஷரை ஏற்றும். இவர் சாப்பிட்டது நீர் பிரிய வைக்கிற மாத்திரை. அதுவும் தள்ளும். இரண்டும் கூட்டுச் சேர்ந்துகொண்டன. வேரை நிறுத்திவிடலாம், மாத்திரையை மாற்றிவிடலாம், புண்ணை ஸ்கோப் குழாய் விட்டுப் பார்த்துவிடலாம். கால் திரும்பிவிடும்.

டாக்டர் போன பிறகும் லீதியாள் நின்றுகொண்டே இருந்தாள்.

*

மூன்றாம் நாள் பிற்பகல். சலைன் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே மனம் எங்கோ போய்விடுகிறது. அங்கே எந்தக் குற்றமும் இல்லை. வார்டு முழுக்க மஞ்சள் வெளிச்சம்.

போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த கால் பெருவிரல் அசைந்தது.

லீதியாள் அதைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தார். அவள் போர்வையை இழுத்து அந்தக் காலை மூடினாள்.

"நீ குடுத்தது எரிச்சலுக்குக் கேட்டுச்சு, லீதி," என்றார்.

அவள் போர்வையின் ஓரத்தைச் செருகிக்கொண்டே கேட்டாள்.

"வேற ஏதும் இருக்கா? இருந்தா இப்பமே சொல்லிருங்க."

அவர் கூரையைப் பார்த்தார். அது இப்போது மிதக்கவில்லை.

குதிகாலை ஊன்றி, சிரமப்பட்டு, கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்தார்.

அவள் உட்கார்ந்து கேட்கும் அளவுக்கு இடம் விட்டு.