கார்குழலியின் ஒரு நிமிடம்

இணையத்தில் கணக்குப் பாடம் நடத்தியே கோடீஸ்வரியான கார்குழலி, பேட்டி காண வந்த சினேகாவை, தொண்ணூற்றெட்டில் தான் ட்யூஷன் எடுத்த அத்திப்பட்டு வீட்டுக்கு அழைத்து வந்திருந்தாள்.

"வீடியோவுல கணக்கைக் கொடுத்ததும் ஒரு நிமிஷம் பேசாம நிக்கிறீங்க. அதுக்குள்ள பிள்ளைங்களே விடையைக் கண்டுபிடிச்சிடறாங்க. இதை எந்த நாட்டுல கத்துக்கிட்டீங்க, மேடம்?"

"நாடா? இந்த வூட்லதாம்மா. அப்போ இன்னா ஆவும்னா..."

ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. கொல்லைப்புறத் தண்டவாளத்தில் நிலக்கரி வண்டி தடதடத்தது. கார்குழலி பாதியில் நிறுத்திவிட்டு வெறும் தரையைப் பார்த்தாள். அப்போதெல்லாம் சத்தம் ஓய்வதற்குள் பிள்ளைகள் அங்கே விடையோடு காத்திருப்பார்கள்.

கடைசிப் பெட்டி கடந்தது. சினேகா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சரியாக ஒரு நிமிடம்.

"இப்போ ஏசி ஸ்டூடியோ. ரயில் சத்தமே கேக்காதே, மேடம்?"

"எனக்குக் கேட்டுகினுதான் கீது."