மேனேஜர் வீட்டு மீன்

"பச்சையம்மா! தொட்டில மீனக் காணோம்!"

வாயில் போட்ட மீன் வறுவலை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கத்தினான் துலுக்காணம். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் அவனுடைய மேனேஜர், ஊருக்குப் போகும்போது நம்பி ஒப்படைத்த கறுப்பு மோலி என்ற வளர்ப்பு மீன் அது.

"காலைல கூட இருந்துச்சே. அம்மாதான் தொட்டியாண்ட குந்திக்கினு இருந்துச்சு," என்றாள் அவன் மனைவி பச்சையம்மா.

மாமியார் தாயாரம்மாள் அன்று காலைதான் பழவேற்காட்டிலிருந்து வந்திருந்தாள். மீன் விற்கிறவள். துலுக்காணம் தட்டைப் பார்த்தான். வறுத்ததெல்லாம் கறுப்பாகத்தான் இருந்தது.

"அத்தே, தொட்டி மீனயா வறுத்தீங்க? என் வேலையே பூடும்!"

அடுப்படியிலிருந்து வந்த தாயாரம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கடல் மீன் துன்ற வாயி மாப்ளே எங்களுது. நல்ல தண்ணி மீன எங்க ஊட்டுப் பூனைகூட மோந்து பாக்காது. நீங்க துன்றது நான் கொண்டாந்த நெத்திலி. கொஞ்சம் தீஞ்சு பூட்ச்சு."

"அப்ப அது எங்க?"

"குடத்துல கீது. குட்டி போட்டுச்சு. போட்ட குட்டிய அதுவே முழுங்க ஆரம்பிச்சுது. எனக்கு மனசு கேக்கல, தாயத் தனியா அள்ளி வெச்சேன். தொட்டில நல்லாப் பாருங்க."

துலுக்காணம் குனிந்து பார்த்தான். பாசிக்குள்ளே கடுகு கடுகாகக் கறுப்புக் குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன.

பெருமூச்சு விட்டு மறுபடி தட்டின் முன் உட்கார்ந்தான்.

"இன்னும் நாலு போடுங்க, அத்தே. இப்பத்தான் ருசியே தெரியுது."